பன்னிரண்டு வருஷம், மூன்று கிரானைட்: எங்கள் வீட்டு அனுபவம்

அவிநாசியை ஒட்டி நாங்கள் வீடு கட்டியது 2013-ல். சமையல் மேடைக்குக் கருப்பு, பூஜை அலமாரிக்கு வெள்ளை, வாசல் படிக்குச் சிவப்பு என்று மூன்று வகைக் கிரானைட் போட்டோம். பன்னிரண்டு வருஷத்தில், பூஜை அலமாரியின் கறையைத் தவிர, எந்தக் கல்லும் புழங்கிக் கெடவில்லை. மற்றபடி கெட்ட இடங்கள் பெரும்பாலும் நாங்கள் சுத்தம் செய்யப் போய்க் கெட்டவை.

முதலில் சமையல் மேடை. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கருப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள். இட்லிக் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கி நேராக அதன்மேல்தான் வைக்கிறேன். தேங்காய் உடைத்ததும் உண்டு (செய்யாதீர்கள், எனக்கு வாய்த்தது அதிர்ஷ்டம்). புளிக்கரைசல், எலுமிச்சை, தயிர் எல்லாம் சிந்தியிருக்கிறது. உடனே துடைத்துவிட்டால் தடம் தெரியாது. தினசரி வேலை இவ்வளவுதான்: இரவு பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு, ஈரத் துணி, அப்புறம் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. அந்தக் காய்ந்த துணியைத்தான் நான் முதல் ஐந்து வருஷம் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். வாளியில் ஒரு நாள் வைத்தால் ஓரத்தில் வெள்ளை வளையம் விழும். சிங்க் குழாயைச் சுற்றிச் சிந்திய தண்ணீர் அப்படியே காய்ந்து காய்ந்து, கருப்புக் கல்மேல் சுண்ணாம்பு பூசியது போல உப்பு ஏறிவிட்டது. பச்சை நார் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. ஒரு தீபாவளிக்கு முதல் நாள், பாத்ரூமுக்கு வைத்திருந்த ஆசிட்டைக் கொஞ்சம் ஊற்றினேன். நுரைத்தது, உப்பு போய்விட்டது. கூடவே கல்லின் பளபளப்பும் போய்விட்டது. உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. எண்ணெய் தடவினால் இரண்டு மணி நேரம் மறையும், பிறகு பழையபடி.

கிரானைட்டுக்கு ஆசிட் ஒன்றும் செய்யாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். கடையில் கருப்புக் கிரானைட் என்று விற்பதில் பெரும்பாலானவை கிரானைட்டே இல்லையாம். பூமிக்குள் குழம்பாக இருந்தது பாறைப் பிளவில் புகுந்து இறுகிய டோலரைட், கேப்ரோ வகைக் கற்கள். உண்மையான கிரானைட்டில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் இவற்றில் மிகக் குறைவு. கால்சியம் கலந்த ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம்தான் அதிகம். பாத்ரூம் ஆசிட் தின்பது அதைத்தான். கிரானைட் என்ற பேர் வியாபாரத்துக்கு.

இப்போது உப்புப் படிந்தால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஷேவிங் பிளேடைக் கல்மேல் நன்றாகப் படுக்க வைத்துச் சுரண்டுகிறேன். பாலிஷ் போட்ட சமதளமான கல்லில் இது நன்றாக வேலை செய்கிறது. பிளேடின் முனை குத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கம்பி நார் மட்டும் வேண்டாம். உதிர்ந்த கம்பித்துணுக்கு ஈரத்தில் துருப்பிடித்து, கல்லில் பழுப்புப் புள்ளி விழுகிறது.

மேடையின் முன்விளிம்பு தனிக் கதை. மேல்பரப்பு தொழிற்சாலையில் பெரிய மிஷினில் பாலிஷ் ஆகி வருகிறது. விளிம்பை உருட்டுவது நம் வீட்டு வாசலில், கை மிஷினில். கடைசியில் கருப்பு மெழுகு போட்டு மினுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆறே மாதத்தில் வெளுத்தது. அத்தை சொன்னார் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். இரண்டு நாள் மினுமினுப்பு, மூன்றாம் நாள் பிசுக்கு, நான்காம் நாள் எறும்பு. “ஆட்டுக்கல்லுக்கு இதெல்லாம் யாரு பண்ணுனா?” என்று அவரே பிறகு சிரித்தார். கொல்லையில் இருக்கும் அந்த ஆட்டுக்கல் நாற்பது வருஷமாக மாவு அரைபட்டு, மழையில் நனைந்து, நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்தது பூஜை அலமாரி. காஷ்மீர் ஒயிட். பேரைக் கேட்டு ஏதோ பனிமலையிலிருந்து வந்தது என்று நினைத்திருந்தேன். மதுரைப் பக்கம் வெட்டும் கல். வெள்ளையில் கருஞ்சிவப்புப் புள்ளிகளோடு பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கருப்பைவிட நன்றாக உறிஞ்சுகிற கல், அதன்மேல் கொண்டுபோய் நல்லெண்ணெய் விளக்கை வைத்தோம். ஒரு வருஷத்தில் விளக்கடியில் தட்டு அளவுக்குக் கறுத்த வட்டம். மஞ்சள் பிள்ளையார் வைத்த இடத்தில் மஞ்சள் கறை. அதைச் சோப்புக்கட்டி போட்டுத் தேய்த்தேன், சிவந்துவிட்டது! ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்குமே, அதேதான். சோப்பின் காரம் அந்த வேலையைச் செய்தது. நல்லவேளை, ஜன்னல் வெயில் படும் இடம். சில வாரங்களில் தானாகவே வெளிறிவிட்டது.

எண்ணெய்க் கறைக்குக் கடைசியில் பலித்தது சமையல் சோடா. தோசை மாவைவிடக் கெட்டியாகத் தண்ணீரில் குழைத்து, அரை விரல் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் உறையால் மூடி ஓரம் ஒட்டி ஒரு நாள் விட்டேன். பிறகு உறையை எடுத்து முழுக்கக் காயவிட வேண்டும். காயும்போதுதான் கல்லுக்குள் இருக்கும் எண்ணெயை அது இழுக்கிறது. நான் முதல் தடவை அவசரப்பட்டு ஈரமாகவே வழித்தெடுத்து ஏமாந்தேன். மூன்று முறை போட்டதில் முக்கால்வாசி போனது. மிச்சம் அப்படியே இருக்கிறது. இப்போது விளக்கடியில் பித்தளைத் தாம்பாளம்.

சீலர் (கல் உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு) போடலாமா என்று கேட்பவர்களுக்கு: கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் பாருங்கள். சொட்டு விட்ட இடம் கறுத்தால் கல் உறிஞ்சுகிறது, சீலர் தேவை. வெள்ளைக்கல் ஐந்து நிமிஷத்தில் கறுத்தது. போட்டோம், பலன் தெரிகிறது. கருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தும் டப்பாவில் மீதி இருக்கிறதே என்று அதற்கும் பூசினேன். கல்லுக்குள் இறங்க இடமில்லாமல் மேலேயே மங்கலாகப் படிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைத் தேய்த்தெடுப்பதிலேயே போனது.

வாசல் படியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெளிப்படிக்குப் பாலிஷ் கல் போடாதீர்கள். மழைநாளில் அத்தை வழுக்கி விழுந்தார், கை பிசகியது. அடுத்த வாரமே ஆள் வைத்துப் படி ஓரத்தில் மூன்று வரி கொத்திவிட்டோம்.

போன வருஷம் தம்பி வீட்டுக்குக் கல் வாங்கப் போனபோது, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தையும் பஞ்சையும் கைப்பையில் எடுத்துப் போனேன். முதலில் காட்டிய கருப்பைத் துடைத்தால் பஞ்சு கறுத்தது. “அது பாலிஷ்ங்க மேடம்” என்றார் கடைக்காரர். சாயம் ஏற்றிய கல். சோப்பு படப் பட வெளுத்துப்போகும். நாலாவதாகக் காட்டிய கல்லில் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. விலை சதுர அடிக்கு நாற்பது ரூபாய் கூட. தம்பி முகம் சுளித்தான், நான் விடவில்லை.

ஆசிட் ஊற்றிய திட்டை மறுபடி பாலிஷ் போட ஆள் வந்து பார்த்தார். அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் பள்ளம் தெரியும், மேடை முழுவதும் தேய்க்க வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் மிக்சியை நகர்த்தி அந்த இடத்தில் வைத்துவிட்டேன்.