பழைய மஸ்டாங்கில் டி5 கியர்பாக்ஸ்: இசட் பாரா, கேபிளா, ஹைட்ராலிக்கா?

1965, 66 ஃபோர்டு மஸ்டாங் வைத்திருப்பவர்கள் நெடுஞ்சாலையில் படும் பாடு ஒன்றுதான். மேனுவல் வண்டிக்கு மூன்று அல்லது நான்கு கியர். டாப் கியரிலும் எஞ்சின் கத்திக்கொண்டே ஓடும். அதனால்தான் 1985 முதல் 93 வரை வி8 மஸ்டாங்கில் வந்த போர்க்-வார்னர் டி5 கியர்பாக்ஸைத் தேடிப்பிடித்துப் போடுகிறார்கள். அதன் ஐந்தாவது கியர் விகிதம் 0.68. முன்பு டாப் கியரில் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடிய எஞ்சின், அதே வேகத்துக்கு இப்போது 2,040 சுற்று ஓடினால் போதும்.

கியர்பாக்ஸ் மாட்டுவது பெரிய வித்தையில்லை. பெடலை மிதித்தால் கிளட்ச் எப்படி விடுபடும் என்பதில்தான் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்.

முதலில் பழைய இசட் பார். ஒரு முனை எஞ்சின் பிளாக்கிலும் மறுமுனை சேஸிஸ் பக்கமும் உட்கார்ந்து, நடுவில் சுழன்று, கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான ஃபோர்க்கைத் தள்ளும் இரும்புத் தண்டு இது. ஒழுக ஆயில் இல்லை, அறுந்துபோக கேபிள் இல்லை. ஆனால் ரப்பர் மவுண்டில் எஞ்சின் ஆடும்போது இதுவும் சேர்ந்து ஆடும். புஷ் தேய்ந்தால் பெடலில் தொளதொளப்பு வந்துவிடும். பெரிய ஹெடர் (எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்கள்) போட்டிருந்தால் இசட் பார் போகவே இடம் இருக்காது. இன்னொன்று: இசட் பார் ஃபோர்க்கைப் பின்னால் தள்ளும்; டி5-உடன் வந்த பெல் ஹவுசிங்கிலோ (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடும் கூடு) ஃபோர்க்கை முன்னால் இழுக்க வேண்டும். எனவே பழைய பெல் ஹவுசிங்கை வைத்துக்கொண்டு, டி5-க்கு அடாப்டர் பிளேட் போட வேண்டும். கம்பெனியில் வந்தபடியே இருக்கும் ஸ்டாக் எஞ்சின், ஸ்டாக் எக்ஸாஸ்ட் என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள். மாற்ற ஒரு காரணமும் இல்லை.

கேபிள் மலிவான வழி. டி5-இன் சொந்த பெல் ஹவுசிங்கே கேபிளுக்காகச் செய்ததுதான். ஆனால் பழைய வண்டியின் பெடலில் இருந்து அங்கே போய்ச்சேர கேபிள் வளைந்து நெளிய வேண்டும். வளைவு கூடினால் பெடல் கனக்கும். ஹெடருக்குப் பக்கத்தில் போனால் உறை உருகும்.

இனி ஹைட்ராலிக். பெடல் மாஸ்டர் சிலிண்டரை அழுத்த, அதிலுள்ள ஆயில் பைப் வழியாகப் போய் கிளட்சை விடுவிக்கும். எஞ்சின் ஆட்டம் பெடலுக்கு வராது. ஆயில் பைப்பை எந்தச் சந்திலும் வளைத்துக் கொண்டுபோகலாம். இதில் இரண்டு வகை. பெல் ஹவுசிங்குக்கு வெளியே, அந்த ஆயில் அழுத்தத்தை வாங்கும் ஸ்லேவ் சிலிண்டரை வைத்து ஃபோர்க்கை அசைப்பது ஒன்று. ஃபோர்க்கே இல்லாமல், இன்புட் ஷாஃப்டைச் சுற்றி உட்காரும் ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங் இன்னொன்று.

இரண்டாவதுதான் பார்க்க அழகு. வெளியே ஒன்றும் தெரியாது, பெடலும் வெண்ணெய் மாதிரி இறங்கும். ஆனால் அதன் சீல் ஒழுகினால் ஆயில் நேராக கிளட்ச் பிளேட்டில் போய் இறங்கும். ஐந்து நிமிட வேலையாக இருக்க வேண்டியது, கியர்பாக்ஸை இறக்கும் வேலையாகிவிடும். பேரிங்குக்கும், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போட்டு அளந்து மாட்ட வேண்டும். அளவுக்கு மீறித் தள்ளினால் பேரிங்கும் கெடும், பிரஷர் பிளேட்டும் கெடும். பெடலுக்கு ஸ்டாப்பர் கட்டாயம்.

வெளி ஸ்லேவ் ஒழுகினால் தரையில் சொட்டு தெரியும். வண்டிக்கு அடியில் படுத்து, போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன். வாங்கும்போது உங்கள் ஃபோர்க்குக்குத் தள்ளும் ஸ்லேவா, இழுக்கும் ஸ்லேவா என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, சிலிண்டர் அளவு? பலர் சறுக்குவது இங்கேதான். பெடல் 180 மி.மீ. இறங்குகிறது, பெடல் விகிதம் 6:1 என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் சிலிண்டர் 30 மி.மீ. நகரும். மாஸ்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம், ஸ்லேவுக்கு எட்டில் ஏழு அங்குலம் (7/8) என்றால் ஸ்லேவ் தண்டு சுமார் 22 மி.மீ. நகரும். மாஸ்டரையும் 7/8 ஆக்கினால் முழுசாக 30 மி.மீ. கிடைக்கும், ஆனால் பெடல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கனத்துவிடும். கியர் விழவில்லை என்றதும் பெரிய மாஸ்டர் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஆயில் பைப்பில் காற்று அடைத்து ஏர் லாக் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஒருவரை பெடலை மிதிக்கச் சொல்லி, மாஸ்டர் மாட்டியிருக்கும் ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகடு) கவனியுங்கள். 20 கிலோ அழுத்தி மிதித்தால் அந்த மெல்லிய தகட்டில் 120 கிலோ விழுகிறது. தகடு உள்வாங்கினால் அந்த அளவுக்கு ஸ்லேவின் நகர்வு போச்சு. பின்னால் ஒரு கனமான தகடு வைத்து போல்ட் போடுங்கள். மாஸ்டரின் தண்டு பெடலில் இருந்து நேர்கோட்டில் போக வேண்டும். சாய்ந்தால் சீல் ஒரு பக்கமாகத் தேயும்.

கடைசியாக, டேஷ்போர்டுக்கு அடியில் கிளட்ச் பெடலுக்குத் துணையாக ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கும். அது பழைய மூன்று விரல் பிரஷர் பிளேட்டின் கனத்துக்காக வைத்தது. மிதிக்க லேசான டயாஃப்ரம் கிளட்ச் போட்ட பிறகு அதை விட்டுவைத்தால், மிதித்த பெடல் மேலே வராமல் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். அது முழு இழுப்பில் இருக்கும்.