கடைசிச் சம்பளத்தை விழுங்கிய வேன்

சிங்கப்பூரில் டெலிவரி வேன் ஓட்டுபவர்கள், முக்கியமாக வேலையை விட்டு விலகப் போகிறவர்கள், இதைப் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையதுதான். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து மூன்றாவது வாரம். நான் வழக்கமாக ஓட்டும் வேன் பட்டறையில் நின்றதால் உயரம் கூடிய வேறொன்றைக் கொடுத்தார்கள். பழைய நினைப்பில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி வாகன நிறுத்துமிடத்துக்குள் திருப்பினேன். நுழைவாயிலின் உயர வரம்புக் கம்பி வேன் கூரையில் இடித்த சத்தத்துக்கு மேல்மாடியிலிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். உடனே படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பி, மன்னிப்பும் கேட்டேன். அந்த மன்னிப்பைத்தான் பிறகு எனக்கு எதிராக நீட்டினார்கள்.

நோட்டீஸ் முடிந்த நாளில் சம்பளம் 2,400 வெள்ளி வரவில்லை. பதிலாக ஒரு தாள் வந்தது. பழுதுபார்ப்பு 3,150 வெள்ளி. சம்பளத்தைக் கழித்துக்கொண்டு மீதி 750 வெள்ளியை நான்தான் கட்ட வேண்டுமாம்! மேற்பார்வையாளர் நம்மவர்தான். "தம்பி, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், பிரச்சினை முடிந்துவிடும்" என்று பேனாவை நீட்டினார். நல்ல வேளை, நான் அதைத் தொடவில்லை. புதுக்கோட்டையிலிருந்து வந்து அங்கே வேலை பார்த்த ஒரு நண்பர், முன்பு இதே மாதிரித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பியிருந்தார்.

வீட்டுக்கு வந்து தாளை நிதானமாகப் படித்தேன். தலைப்பிலேயே 'மதிப்பீடு' என்றிருந்தது. அது பில்லே இல்லை. கூரைச் செலவுக்கு அடுத்த வரியில், பக்கவாட்டுக் கதவு நகரும் தண்டவாளத்துக்கும் விலை போட்டிருந்தார்கள். அந்தக் கதவு பல மாதங்களாகவே மூடாது. ஓட்டுநர்கள் துண்டால் கட்டி வைத்திருப்போம். துண்டோடு எடுத்த பழைய படம் என் கைப்பேசியில் இருந்தது.

வேலை நியமனச் சட்டப்படி, ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த சேதத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கலாம்; ஆனால் முதலில் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும். பிடிப்பதும் ஒரே ஒரு முறைதான், ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் கூடாது. என் கணக்கில் 600 வெள்ளி. நோட்டீஸை முழுதாக முடித்தவருக்குக் கடைசிச் சம்பளம் கடைசி வேலை நாளிலேயே கைக்கு வர வேண்டும். "வாகனச் சேதத்துக்கு ஓட்டுநரே முழுப் பொறுப்பு" என்று நானே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தேன். சட்டம் தருவதைவிடக் குறைவாகத் தரும் அந்த மாதிரி வரி செல்லாது.

சம்பளத் தகராறுகளைச் சமரசம் செய்துவைக்கும் டிஏடிஎம் (TADM) அமைப்பிடம் புகார் பதிந்தேன். வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் பதிந்துவிட வேண்டும். 'இன்று தருகிறோம், நாளை தருகிறோம்' என்று முதலாளிகள் இழுத்தடிப்பதும் அந்தக் கெடு தாண்டட்டும் என்றுதான் என்பது என் எண்ணம். சமரசப் பேச்சில், மீதிக்கு என்மேல் வழக்குப் போடுவதாக மிரட்டினார்கள். போடட்டும், அது நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய வேறு விவகாரம். அதைக் காட்டிச் சம்பளத்தைப் பிடித்து வைக்க முடியாது. கடைசியில் 600 போக 1,800 வெள்ளி வந்தது. வழக்கு எதுவும் வரவில்லை.

போன வாரம் தெம்பனிஸில் ஒரு சிக்னலில் அந்த வேனைப் பார்த்தேன். கூரை நான் நெளித்தபடியே இருந்தது. கதவில் துண்டு மட்டும் புதியது.