ஃபுளோரன்ஸ் சான் லொரென்ஸோ: ‘எல்லாம் சேர்த்து’ என்று விற்கும் டிக்கெட்டை வாங்காதீர்கள்

இத்தாலியில் ஃபுளோரன்ஸ் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். சான் லொரென்ஸோ தேவாலயத்தில் அம்மாவுக்கும் எனக்குமாக 90 யூரோ போனது. பணம் போனதுகூடப் பரவாயில்லை. அம்மா எதைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தாரோ, அதைப் பார்க்காமலே திரும்பினார். அதுதான் இன்னும் மனசு ஆறவில்லை.

வட்டிக்கடையும் வங்கியுமாக வளர்ந்து, பிறகு ஃபுளோரன்ஸையே ஆண்ட மெடிசி குடும்பத்தின் கோயில் இது. புருனெல்லெஸ்கி வடிவமைத்து 15ஆம் நூற்றாண்டில் எழுந்தது. முகப்புக்கு மைக்கேலாஞ்சலோ வரைந்து கொடுத்த பளிங்கு வேலை நடக்கவே இல்லை. இன்றும் வெறும் கற்சுவராகத்தான் நிற்கிறது. ஆனால் அம்மா பார்க்க வந்த, மைக்கேலாஞ்சலோ செதுக்கிய கல்லறைச் சிற்பங்கள், அந்த ‘இரவு’, ‘பகல்’, ‘அந்தி’, ‘விடியல்’ நான்கும், தேவாலயத்துக்குள் இல்லை. பின்பக்கம் ஒட்டியிருக்கும் மெடிசி சிற்றாலயங்களில் இருக்கின்றன.

ஏமாற்றுகிறவர்களுக்கு வசதியாகப் போவது இதுதான். பார்க்க ஒரே கட்டடம். வாசல் இரண்டு, டிக்கெட் இரண்டு, நிர்வாகமும் வேறு வேறு. தேவாலயத்துக்கு சான் லொரென்ஸோ சதுக்கத்தில் நுழைய வேண்டும். சிற்றாலயங்கள் அரசு அருங்காட்சியகம்; அதன் வாசல் சுற்றிக்கொண்டு போனால் மடோன்னா தெல்யி அல்தோபிராந்தீனி சதுக்கத்தில் இருக்கிறது.

நாங்கள் வாங்கியது ஓர் இணைய முகவரிடம். ‘மெடிசி தேவாலயமும் கல்லறைகளும், வரிசையில் நிற்க வேண்டாம், வழிகாட்டியுடன்’ என்று போட்டிருந்தார்கள். தலைக்கு 45 யூரோ. வழிகாட்டி அரை மணி நேரம் தாமதமாக வந்தார். வாசலில் வரிசையே இல்லை. கவுண்டரில் எழுதியிருந்த விலை நாங்கள் கொடுத்ததில் கால்பங்குகூட இல்லை.

உள்ளே பலிபீடத்துக்கு முன்னால் தரையில் வண்ணக் கற்கள் பதித்த பெரிய வட்டம் ஒன்று இருக்கிறது. “மகத்தான லொரென்ஸோ இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்” என்றார் வழிகாட்டி, ஃபுளோரன்ஸை ஆண்ட லொரென்ஸோ மெடிசியைச் சொல்லி. அம்மா குனிந்து எழுத்துக்கூட்டிப் பார்த்தார். “கோஸ்மஸ்னுதானே போட்டிருக்கு, லொரென்ஸோ எங்கடா இருக்கு?” என்று என்னைக் கேட்டார். அம்மா சொன்னதுதான் சரி. அது 1464இல் இறந்த, லொரென்ஸோவின் தாத்தா கோசிமோவின் நினைவுக்கல்; லத்தீனில் கோஸ்மஸ். ‘தேசத்தின் தந்தை’ என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். லொரென்ஸோவும், 1478இல் பாஸ்ஸி என்ற எதிரிக் குடும்பத்தின் சதியில் குத்திக் கொல்லப்பட்ட அவர் தம்பி ஜூலியானோவும் இருப்பது பின்பக்கச் சிற்றாலயத்தில். சிற்பி தொனதெல்லோவின் வெண்கலப் பிரசங்க மேடைகளைக்கூட அந்த மனிதர் நின்று காட்டவில்லை. மொத்தமே 25 நிமிடம்தான்.

கல்லறைகள் எங்கே என்று கேட்டேன். “இன்று பராமரிப்பு வேலை, மூடியிருக்கிறது” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மனசு கேட்காமல் அம்மாவை மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். முட்டிவலியோடு அந்தக் கல் பாவிய தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அங்கே போனால் கதவு திறந்திருக்கிறது, ஆட்கள் வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். “காலையிலிருந்து திறந்துதான் இருக்கிறது, கடைசி நுழைவு இப்போதுதான் முடிந்தது” என்றார் வாசலில் இருந்த பெண். உங்கள் டிக்கெட் இங்கே செல்லாது என்பதையும் அவரே சொன்னார். மறுநாள் விடிகாலையில் எங்களுக்கு ரோமுக்கு ரயில்.

நீங்கள் போவதானால் இரண்டு டிக்கெட்டையும் அந்தந்த அதிகாரபூர்வ இணையதளத்திலோ கவுண்டரிலோ தனித்தனியாக வாங்குங்கள். முகவரிடம்தான் வாங்க வேண்டும் என்றால், ‘மெடிசி சிற்றாலயங்கள்’ என்ற பெயர் ரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ரசீதில் ‘வளாகம்’ என்ற சொல்தான் இருந்தது. அதை வைத்துத்தான் பணத்தைத் திருப்பித் தர முடியாது என்கிறார்கள். சதுக்கத்தில் ஒருவர் ‘மைக்கேலாஞ்சலோவின் ரகசிய அறை’யைக் காட்டுகிறேன், கையில் காசு கொடுங்கள் என்றும் கேட்டார். சிற்றாலயத்துக்கு அடியில், சுவரெல்லாம் கரிக்கோட்டு ஓவியங்களோடு 1975இல் கண்டுபிடித்த அந்த அறையை 2023 நவம்பரில் மக்களுக்குத் திறந்தபோதே, ஒரு தடவைக்கு நான்கு பேர், அதுவும் முன்பதிவு செய்தால்தான் என்று வைத்தார்கள். தெருவில் நிற்பவரால் யாரையும் உள்ளே கூட்டிப் போக முடியாது.

முகவரின் விளம்பரப் பக்கத்தை அன்றிரவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். அதையும் ரசீதையும் சேர்த்து, கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.