70 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் சூடு உண்மையில் எவ்வளவு தணிகிறது?

2014 மாடல் முதல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் சில்வராடோ, சியரா பிக்கப் வண்டிகளில் உள்ள 6எல்80 என்ற ஆறு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், சுமை ஏதுமின்றிச் சமதளச் சாலையில் ஓடும்போதுகூட ஆயிலின் சூடு 90 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். வண்டியின் கணினித் தகவலைக் காட்டும் ஸ்கேனரில் இதைப் பார்ப்பவர்கள் முதலில் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் கூலரில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. ஏறத்தாழ அந்தச் சூட்டை எட்டும் வரை ஆயிலைக் கூலர் பக்கம் விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று கூலர் குழாய்களின் நடுவே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, 70 டிகிரி அளவில் திறக்கும் மாற்றுத் தெர்மோஸ்டாட்டைப் பொருத்தி ஓட்டிப் பார்த்த பின் எழுதும் மதிப்பீடு இது.

இதன் உள்ளே இருப்பவை மெழுகு அடைத்த ஒரு சிறு உருளையும் ஒரு ஸ்பிரிங்கும்தான். ஆயில் குளிர்ந்திருக்கும்போது குறுக்குவழி திறந்திருப்பதால், கியர்பாக்ஸிலிருந்து வரும் ஆயில் கூலரைத் தொடாமலே திரும்பிவிடுகிறது; சூடேறியதும் மெழுகு உருகி விரிந்து உருளையின் தண்டை வெளியே தள்ள, குறுக்குவழி அடைபட்டு ஆயில் கூலருக்குப் போகிறது. தயாரிப்பாளர்கள் இவ்வளவு உயர்ந்த சூட்டைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. சூடான ஆயில் இளகியிருப்பதால் உள் உராய்வு குறைந்து எரிபொருள் சிறிது மிச்சமாகிறது. அதற்கான விலையை ஆயில்தான் கொடுக்கிறது: சூடு 10 டிகிரி கூடும்போது ஆக்சிஜனேற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பழக்கத்தில் உள்ள தோராயக் கணக்கு. ரப்பர் சீல்கள் இறுகுவதும் அந்தச் சூட்டில்தான் விரைவுபடுகிறது. வண்டியை நெடுநாள் வைத்திருக்க நினைப்பவருக்கு அந்தச் சிறு மிச்சத்தைவிடக் கியர்பாக்ஸின் ஆயுள் பெரிது என்பதே என் உறுதியான கருத்து.

மாற்றிய பின், நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது சூடு 70-க்கும் 75-க்கும் இடையில் நிலைகொள்கிறது. நகர நெரிசலில் அதைவிட ஏறினாலும், சாலை திறந்து காற்றோட்டம் கிடைத்தவுடன் இறங்கிவிடுகிறது. பழைய பாகத்தில் இந்த இறக்கத்தைக் காணவே முடியாது, ஏனெனில் சூடு சிறிது குறைந்ததும் அது கூலரின் வழியை மீண்டும் மூடத் தொடங்கிவிடும். கியர் மாறும் தன்மையில் எந்த வேறுபாட்டையும் நான் உணரவில்லை.

புதிய பாகம் வாங்காமல், பழையதைத் திறந்து மெழுகு உருளையைத் தலைகீழாகத் திருப்பி வைப்பதும் பரவலாக நடக்கிறது. செலவில்லை, சூடும் நன்றாகவே குறைகிறது. ஆயினும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிச் செய்தால் குறுக்குவழி எப்போதும் மூடியே இருக்கும். அதாவது தெர்மோஸ்டாட் என்ற ஒன்றே இல்லாமற்போய், குளிர்காலக் காலையிலும் ஆயில் முழுவதும் கூலர் வழியாகவே சுற்றும். ஆயில் போதிய சூட்டை எட்டாவிட்டால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில், இரண்டையும் நேரடியாகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் பிடிப்பது தாமதமாகிறது, உள்ளே சேரும் ஈரமும் ஆவியாகி வெளியேறுவதில்லை. வெப்பமான பகுதிகளில் மட்டுமே ஓடும் வண்டிக்கு இது பெரிய குறை அன்று. உறைபனி காணும் ஊர்களில் 70 டிகிரி பாகமே நடுநிலையான தேர்வு.

பொருத்துவது கடினமான வேலை இல்லை. எஞ்சின் முற்றிலும் ஆறிய பின் தெர்மோஸ்டாட்டின் மூடியை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதைத் தாங்கும் வளையமான சர்க்ளிப்பைக் கழற்ற வேண்டும். பின்னால் இருக்கும் ஸ்பிரிங் வலுவானது என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதில் கைவைக்கக் கூடாது. மூடியின் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தைப் பழையதாகவே விடாமல் புதிதாகப் போட்டு, கசிந்த அளவுக்கு டெக்ஸ்ரான் 6 ஆயிலை நிரப்பினால் போதும். ஆயிலின் அளவைச் சரிபார்ப்பதில் மட்டும் பொறுமை வேண்டும். ஆயில் சூட்டில் விரிவதால் ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் அளவு பார்க்க வேண்டிய வெப்ப வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். மாற்றிய பின் ஆயில் அந்த வரம்பை எட்ட முன்பைவிட நேரம் பிடிக்கலாம், அவசரப்பட்டுக் குளிர்ந்த நிலையில் பார்த்தால் குறைவாகத் தெரிந்து அதிகமாக ஊற்றிவிடுவோம்.

இந்தப் பாகத்திடம் எதிர்பார்க்கக் கூடாத ஒன்றும் உண்டு. தெர்மோஸ்டாட் சூட்டின் அடிமட்டத்தைத்தான் தீர்மானிக்கிறது, உச்சத்தை அன்று. பழையதோ புதியதோ, 95 டிகிரியைத் தாண்டினால் இரண்டுமே கூலருக்கான வழியை முழுமையாகத் திறந்திருக்கும். அதன் பிறகு சூட்டைக் கட்டுப்படுத்துவது கூலரின் பரப்பும் அதன் வழியே பாயும் காற்றும்தான். இழுவை வண்டியைக் கட்டி நீண்ட மலைப்பாதையில் ஏறும்போது 90-இல் தொடங்குவதற்குப் பதில் 70-இல் தொடங்குகிறோம் என்பதால் எல்லையை எட்டக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. ஏற்றம் நீண்டுகொண்டே போனால் இறுதியில் அதே சூட்டுக்குத்தான் வந்து சேர்வோம். சுமை இழுக்கும்போது 110 டிகிரியைத் தொடுவது வழக்கமாகிவிட்ட வண்டிக்குப் பெரிய கூலர் வேண்டும். எஞ்சின் குளிர்நீரின் வழியாகவே ஆயிலைக் குளிர்விக்கும் வண்டிகளிலும் பலன் குறைவாகவே இருக்கும், ஏனெனில் அந்த நீரே நல்ல சூட்டில் ஓடுகிறது. காற்றால் குளிரும் தனிக் கூலர் உள்ள வண்டியை அன்றாடப் பயணத்துக்கும் மிதமான சுமைக்கும் ஓட்டுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால், முதலில் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டுக் கழற்றிய பழைய பாகத்தையும் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.