ஹா லாங் விரிகுடாவில் இரண்டு இரவுகள்: ஒரு படகுப் பயணச் சேவையின் மதிப்பீடு

கடந்த நவம்பரில் நானும் என் கணவரும் என் தாயாரும் வியட்நாமின் ஹா லாங் விரிகுடாவில் இரண்டு இரவுகள் படகில் தங்கிவிட்டு வந்தோம். ஹனோய் நகரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு படகு நிறுவனத்திடம் மூன்று மாதங்களுக்கு முன்பே பதிவு செய்திருந்தோம். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலி உண்டு. முட்டைகூடத் தொடாத சைவம். இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துப் படகைத் தேர்ந்தெடுக்க நான் எடுத்துக்கொண்ட நேரம் பயண நாள்களைவிட அதிகம் என்பதால், திட்டமிட்ட விதத்தையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

பணம் கட்டுவதற்கு முன் அந்த இடத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். குவாங் நின் மாகாணக் கடலோரத்தில் 1,553 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 2,000 தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள். 1994இல் அழகுக்காகவும் 2000இல் நில அமைப்புக்காகவும் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2023இல் தெற்கே உள்ள காட் பா தீவுக்கூட்டமும் இதனுடன் இணைக்கப்பட்டது. பயணத்தை விற்பவர்கள் எல்லாவற்றையும் ஹா லாங் என்றே சொல்வார்கள். ஆனால் படகுகள் போகும் நீர்ப்பரப்புகள் மூன்று: நடுவில் ஹா லாங், வடகிழக்கில் பாய் து லோங், தெற்கில் ஹாய் போங் நகர நிர்வாகத்துக்கு உட்பட்ட லான் ஹா.

நடுப்பகுதியில்தான் சுங் சோட் குகையும் தி தோப் தீவும் உள்ளன. சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் தித்தோவ் 1962இல் ஹோ சி மின்னுடன் இங்கு வந்ததன் நினைவாகத் தி தோப் தீவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதன் உச்சியிலிருந்து தெரியும் காட்சி எல்லாப் புகைப்படங்களிலும் இருக்கிறது. ஆனால் அங்கு ஏற நானூறுக்கும் மேற்பட்ட படிகள், அம்மாவால் முடியாது. அது மட்டுமன்றி, ஒரு பகலில் வந்து திரும்பும் படகுகளும் இரவு தங்கும் படகுகளும் ஒரே நேரத்தில் வந்து சேரும் இடம் அது. ஆகவே எந்தப் படகு என்பதைவிட எந்த வழித்தடம் என்பதையே முதலில் முடிவு செய்தோம். பாய் து லோங் பக்கம் செல்லும் படகுகளை மட்டும் எடுத்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ஐந்து நட்சத்திரம், மேல்தளத்தில் நீச்சல் குளம், அறைக்குள் குளியல் தொட்டி என்று விளம்பரங்கள் அடுக்குபவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கண்ணெதிரே அத்தனை தீவுகள் இருக்கும்போது அறைக்குள் இருக்கும் நேரம் மிகக் குறைவு.

இரண்டாவது முடிவு, எத்தனை இரவுகள் என்பது. ‘இரண்டு நாள், ஓர் இரவு’ என்று விற்கப்படும் பயணத்தில் முதல் நாள் நண்பகல் தாண்டிப் படகு ஏறுகிறோம். மறுநாள் காலை பத்தரை, பதினொரு மணிக்குள் கரையில் இறக்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு முழு நாள்கூடத் தேறாது. ஹனோயிலிருந்து துறைமுகத்துக்கு விரைவுச்சாலையில் போக இரண்டரை மணி நேரம், திரும்ப அதே நேரம். இவ்வளவு தொலைவு சென்று, பாறைகளின் மீது காலை வெளிச்சம் விழுவதை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்ப மனம் ஒப்பவில்லை. இரண்டு இரவுகள் தங்கியது எவ்வளவு சரியான முடிவு என்பது இரண்டாம் நாளில் தெரிந்தது.

ஆனால் அந்த இரண்டாம் நாளைப் பற்றி நிறுவனம் எங்களிடம் முன்கூட்டியே சொல்லாத ஒன்று இருந்தது. காலை உணவு முடிந்ததும், இரண்டு இரவுகள் தங்குபவர்கள் அனைவரையும் ஒரு சிறிய பகல் படகுக்கு மாற்றிவிட்டார்கள். பெரிய படகு முதல் நாள் பயணிகளைக் கரையில் இறக்கிவிட்டு, புதியவர்களை ஏற்றிக்கொண்டு மாலையில்தான் எங்களை வந்து சேர்ந்தது. மதியம் அம்மா படுத்து ஓய்வெடுக்க அறை இல்லை. மாத்திரைகள் பெரிய படகில் பெட்டிக்குள் இருந்தன. இது பல நிறுவனங்களில் உள்ள வழக்கம்தான் என்பதைப் பின்னர் அறிந்தேன். வழக்கமாக இருந்தாலும் பதிவு செய்யும்போதே சொல்லியிருக்க வேண்டும். முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் குறையை மன்னிக்கவைத்தது பகல் படகு சென்ற இடம். அதில் எங்களோடு சேர்த்து எட்டுப் பேர் மட்டுமே இருந்தோம். ஒரு வளைவுக்குள் நிறுத்தி, கயாக் படகுகளை இறக்கிக் கொடுத்தார்கள். துடுப்பை நிறுத்திவிட்டு ஒரு பாறையின் அடியில் ஒதுங்கினோம். நீர் மட்டத்தில் பாறை உள்வாங்கி அரிக்கப்பட்டிருந்தது. மேல் பகுதி கூரைபோலத் தலைக்கு மேல் நீண்டிருந்தது. அந்த அரிப்புக்குள் கைக்கெட்டும் உயரம்வரை சிப்பிகள் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருந்ததால் தொட வேண்டாம் என்று வழிகாட்டி எச்சரித்தார். சிப்பிகள் நின்றுபோன கோடுதான் ஏற்றத்தின்போது கடல் எட்டும் உயரம். நம் கடற்கரைகளில் நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்கும். இங்கோ நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே இறக்கம், ஆனால் இடைவெளி மூன்று, நான்கு மீட்டர் வரை இருக்கும். 1288இல் இதற்கு அருகிலுள்ள பாக் டாங் ஆற்றில் மரக்கழிகளை நட்டு, நீர் இறங்கும் வேளையில் மங்கோலியக் கப்பல்களைச் சிக்கவைத்த வியட்நாமியத் தளபதி டிரான் ஹுங் தாவ் நம்பியதும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். பயணிகளுக்கு இதில் ஒரு நடைமுறைச் செய்தி உண்டு: தாழ்வான குகை வாயில்களுக்குள் கயாக் நுழைய முடியுமா என்பதை நீர்மட்டமே முடிவு செய்கிறது. எங்கள் வழிகாட்டி அந்த நேரத்தைக் கணித்து, மற்றக் குழுக்கள் வருவதற்கு முன்பே எங்களை அழைத்துச் சென்றார். இந்தப் பயணத்தில் நான் மிகவும் மதித்தது அவருடைய இந்தத் திறமையைத்தான்.

வுங் வியெங் மிதவைக் கிராமத்துக்கு அம்மாவும் வந்தார். உள்ளூர்ப் பெண் ஒருவர் துடுப்புப் போட்ட சிறு படகில் கைத்தாங்கலாக அமர்த்தி, இறங்கும்போதும் அதே பொறுமையுடன் பிடித்துக்கொண்டார். 2014இல் இங்கிருந்த குடும்பங்களை அரசு கரையில் குடியமர்த்திவிட்டது; இப்போது பகலில் படகோட்டவும் முத்துச் சிப்பி வளர்ப்பைப் பார்த்துக்கொள்ளவுமே வருகிறார்கள். இதைச் சொல்லாமல் ‘மிதக்கும் கிராமத்து வாழ்க்கை’ என்று விற்பது சரியில்லை. எங்கள் வழிகாட்டி உள்ளதை உள்ளபடி சொன்னார். தியென் கான் சோன் குகைக்குத் தி தோப் அளவுக்குப் படிகள் இல்லை. அம்மா இரண்டு இடங்களில் நின்று நின்று ஏறிவிட்டார்.

உணவு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ‘சைவம்’ என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியதை அவர்கள் காய்கறி என்று மட்டும் புரிந்துகொண்டார்கள். முதல் நாள் மதியம் வந்த கீரை வதக்கலில் வாயில் வைத்ததுமே மீன் சாறு தெரிந்தது. நுவோக் மாம் எனப்படும் அந்தச் சாறு அங்கு உப்பைப்போல எல்லாவற்றிலும் சேரும் பொருள். அம்மா தட்டை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டார். நான் சமையலறைக்குச் சென்று ‘சாய்’ என்ற ஒரு சொல்லைச் சொன்ன பிறகு நிலைமை மாறியது. பௌத்தர்கள் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் உண்ணும் புலால் தவிர்த்த உணவுக்கு அதுவே பெயர். அந்த உணவில் மீன் சாறும் சேராது. அன்றிரவு முதல் டோஃபு, காளான், எள் தூவிய சோறு, தாமரை விதைச் சூப் என்று தனியாகச் சமைத்துக் கொடுத்தார்கள். அம்மா தாமரை விதையை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அசைவம் உண்பவர்களுக்கு இறால், நண்டு, கணவாய் எல்லாம் தாராளமாக இருந்தன. என் கணவருக்கு ஒரு குறையும் இல்லை.

பாதுகாப்பில் நான் எந்தச் சமரசமும் செய்துகொள்ளவில்லை. 2011இல் தி தோப் தீவருகே நங்கூரமிட்டிருந்த ஒரு தங்கும் படகு, பயணிகள் உறங்கிக்கொண்டிருந்தபோதே மூழ்கிப் பன்னிரண்டு பேர் இறந்தனர். 2025 ஜூலையில் திடீரென வந்த இடிமழையில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே படகின் உடல் இரும்பா மரமா, அறையில் லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கும், இரவில் யார் காவல் இருப்பார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டேன். மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தது. ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டை அணியச் சொல்லிக்கொடுத்து, அறைச் சன்னலை உடைக்கும் சுத்தியலையும் காட்டினார்கள். பருவத்தைத் தேர்ந்தெடுப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை புயல் அச்சம் உண்டு. 2024 செப்டம்பரில் யாகி புயல் இங்கே பல படகுகளை மூழ்கடித்தது. பிப்ரவரி, மார்ச்சில் தூறலும் மூடுபனியும் தீவுகளை மறைத்துவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் தெளிந்து, வெயில் இதமாக இருக்கும். எந்த மாதமானாலும் வானிலை மோசமானால் துறைமுக நிர்வாகம் படகுகளை நிறுத்திவிடும் என்பதால், பணம் முழுதாகத் திரும்புமா என்பதைப் பதிவுக்கு முன்பே கேளுங்கள். படகுக்கு மறுநாளே ஊர் திரும்பும் விமானத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அறை எண்ணைக் கேட்டுப் பெறாதது என் தவறு. கீழ்த்தளத்தின் பின்கோடியில் கொடுத்தார்கள். இரவு முழுவதும் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. இரண்டாம் இரவு முன்பக்கம் ஓர் அறை காலியானதும், நாங்கள் கேட்கும் முன்பே அம்மாவை அங்கு மாற்றிவிட்டார்கள். அந்த அறையின் சன்னல் வழியே, விடியற்காலையில் பாறைகள் கறுப்பிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து பச்சையாக மாறுவதை அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஹனோயிலிருந்து போய்வரும் வண்டி, எல்லா உணவுகள், கயாக், நுழைவுச் சீட்டுகள் உட்பட ஒருவருக்கு ஏறத்தாழ 300 டாலர் ஆனது. குடிபானங்களுக்குத் தனிக் கட்டணம். இந்தியர்களுக்கு மின்விசா இணையத்திலேயே கிடைக்கிறது. ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர். படகுப் பதிவுக்குக் கடவுச்சீட்டின் படத்தை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். 2019 முதல் இங்குள்ள சுற்றுலாப் படகுகளில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ளதால் சொந்தத் தண்ணீர்ப் புட்டி அவசியம். இறங்கும்போது கொடுத்த கருத்துப் படிவத்தில் பகல் படகு மாற்றத்தையும் மீன் சாற்றையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. பதிவுப் படிவத்தில் ‘சாய்’ என்ற தேர்வைச் சேர்ப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அந்த மின்னஞ்சலை இப்போது என் அத்தை குடும்பத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் வரும் அக்டோபருக்கு அதே வழித்தடத்தில் முன்பக்க அறைகளைக் கேட்டிருக்கிறார்கள்.