விடுப்பு தானம்: டெல்டா அலுவலக மேசையிலிருந்து ஒரு மதிப்பீடு
அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கு 1988 சட்டத்தில் வந்த விடுப்புப் பகிர்வு, அதாவது ஒருவர் தன் விடுப்பைச் சக ஊழியருக்குத் தருவது, நன்றாகவே யோசித்த ஏற்பாடு. மருத்துவ அவசரத்தில் விடுப்புக் கையிருப்பு தீர்ந்து, குறைந்தது 24 பணிமணி நேரம் சம்பளமின்றிப் போகும் நிலை வந்தால் விண்ணப்பிக்கலாம். கொடுப்பவர் ஆண்டு விடுப்பை மட்டுமே தரலாம், அதுவும் பொதுவாக அந்த வருடம் ஈட்டுவதில் பாதி வரை. நேரடி மேலதிகாரிக்குத் தரவே கூடாது. இந்த ஒரு விதிக்கே தனி மதிப்பெண்! இல்லையென்றால் ‘ஐயாவுக்கு ஆளுக்கு ரெண்டு நாள்’ என்று பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும்.

தஞ்சாவூர், திருவாரூர் அரசு அலுவலகங்களில் இதற்கு வழியில்லை. 240 நாள் ஈட்டிய விடுப்பு சேர்ந்திருந்தாலும் பக்கத்து மேசைக்கு ஒரு நாள் மாற்ற முடியாது. நமக்கிருப்பது மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு, அதாவது வேலை செய்து சேர்த்த கணக்கில் வராத விடுப்பு. 20 ஆண்டு தாண்டியவருக்கு 540 நாள், தாராளம். 5 ஆண்டுக்குள் இருக்கும் விஏஓவுக்கோ 90 நாள்தான். மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு சுற்று கீமோ என்றாலே நாலு மாதம் ஓடிவிடும்.

சான்று சரியாக இருந்தும் கோப்பு நிற்பது பெரும்பாலும் பணிப்பதிவேட்டால். ஜனவரியிலும் ஜூலையிலும் வரவு வைக்க வேண்டிய 15 நாள் ஈட்டிய விடுப்பு எழுதாமல் கிடக்கும். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.