ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பார்க்காமல் வீடு வாங்காதீர்கள்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாள். காலையிலிருந்தே கரண்ட் இல்லை. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் தரைத்தள வீடுகளில் தண்ணீர் என்று போன் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடி, அதுதான் கடைசி மாடியும். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது பெட்ரூம் ஃபால்ஸ் சீலிங் நடுவில் தொப்பை போட ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் அப்படியே கட்டில்மேல் விழுந்தது. அத்தை தினமும் படுக்கும் கட்டில் அது. அந்த நேரம் ஹாலில் மெழுகுவர்த்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

டார்ச் அடித்து மேலே பார்த்தோம். ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனரை நான்கு மூலையிலும் கட்டுக்கம்பியால் தொட்டில் மாதிரி கட்டியிருந்தார்கள். ஒரு மூலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அங்கே ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் டியூப் சொருகி பாத்ரூம் பக்கம் விட்டிருந்தார்கள். சொட்டும் தண்ணீர் எங்கள் கண்ணில் படாமல் போவதற்கான ஏற்பாடு. அன்றைய மழை அளவுக்கு அந்த டியூப் தாங்கவில்லை, ஒரு பக்கக் கம்பி அறுந்துவிட்டது. பேனருக்கு மேலே காங்கிரீட் பெயர்ந்து, கம்பியெல்லாம் வெளியே தெரிந்தது. விரலால் தொட்டால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

பேனரில் இருந்தது எங்களுக்கு வீட்டை விற்றவருடைய மகனின் திருமண வரவேற்பு. விற்றவர் கைகூப்பி நிற்கிறார். தேதி 2021 செப்டம்பர். நாங்கள் கிரயம் செய்தது 2023 மே.

வாங்கும்போது நாங்கள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. 38 லட்சம் ரூபாய், அதில் பெரும்பகுதி பேங்க் லோன். 30 வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா, பிரிபடாத பங்கு (நிலத்தில் நம் ஃபிளாட்டுக்கு உள்ள பங்கு) எல்லாம் பார்த்தோம். பேங்க் வக்கீல் சரி என்றார். வேல்யூவர் வந்து பத்து நிமிடம் போட்டோ எடுத்துவிட்டுப் போனார். ஆனால் அவர்கள் பார்ப்பதெல்லாம் பத்திரமும் மதிப்பும்தான், கட்டடத்தின் ஆரோக்கியம் அல்ல. நாங்கள் வீடு பார்த்தது ஏப்ரல், கொளுத்தும் வெயில். "எதுக்கு சார் பெட்ரூமுக்கு மட்டும் சீலிங்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "ஏசிக்கு நல்லது சார், கரண்ட் மிச்சமாகும்" என்றார் விற்றவர். புரோக்கரும் வாட்ஸ்அப்பில் "லீக்கேஜ் எதுவும் இல்லை, சீலிங் புதுசு" என்று அனுப்பினார்.

மறுநாள் காலை மேஸ்திரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அள்ளிப் போடச் சொல்லிவிட்டேன். அவர் சாக்கோடு படியேறும்போது கீழ் வீட்டு அண்ணன் நிறுத்தினார். பாரிமுனையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருப்பவர். "எதையும் தொடாதம்மா. முதல்ல போட்டோ எடு, வீடியோ எடு. அந்த பேனரைப் பத்திரமா மடிச்சு வை." அவர் மட்டும் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் எங்கள் கையில் ஒன்றுமே இருந்திருக்காது.

விற்றவருக்குப் போன் செய்தோம். "பழைய வீடுன்னு தெரிஞ்சுதானே வாங்கினீங்க? பார்த்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?" என்றார். கிரயப் பத்திரத்தில் "சொத்தை நேரில் பார்வையிட்டு முழுத் திருப்தியடைந்து" என்று ஒரு வரி உண்டு. நம் ஊரில் அநேகமாக எல்லாப் பத்திரத்திலும் இருக்கும். அந்த வரியைச் சொல்லித்தான் மிரட்டினார்.

அது மிரட்டல்தான், சட்டம் அப்படி இல்லை. 1882-ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றச் சட்டம், 55-வது பிரிவு. சொத்தில் முக்கியமான குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை விற்பவரே சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்று அந்தப் பிரிவே சொல்கிறது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவும், தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மறைப்பதை மோசடியில் சேர்க்கிறது. ஆக, நாம் காட்ட வேண்டியது இரண்டு. அவருக்குத் தெரியும், நமக்குத் தெரிய வழியில்லை. சுவரில் கண்ணுக்குத் தெரிகிற விரிசலுக்கு இந்தச் சட்டம் கை கொடுக்காது. எங்களுக்கு அந்த பேனரே இரண்டுக்கும் சாட்சி.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. அசோசியேஷன் செயலாளரிடம் பழைய ஃபைலைக் கேட்டேன். மொட்டை மாடி ஒழுகுகிறது, தட்டோடு மாற்றித் தாருங்கள் என்று 2020-இல் விற்றவரே கைப்பட எழுதிய கடிதம் இருந்தது. செலவைப் பங்கு போட ஒத்துவராமல் அப்படியே கிடப்பில் போட்டிருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் அந்த ஃபைலை ஒருமுறை புரட்டியிருந்தால் போதும். யாரும் அதைச் செய் என்று எங்களுக்குச் சொல்லவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கே போவது என்பதில்தான் எங்களுக்கு இரண்டு மாதம் வீணானது. போலீசில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்கினோம், சிவில் விஷயம் என்றார்கள். ஏமாற்றுதல் என்று கிரிமினலாகவும் போகலாம். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு, அதற்குப் பிறகு என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. ஆனால் அது தண்டனைக்கான வழி. எங்களுக்குத் தேவைப்பட்டது சீலிங்கைச் சரிசெய்யப் பணம். நுகர்வோர் கோர்ட்டும் எங்களுக்குப் பொருந்தவில்லை, ஏனென்றால் விற்றவர் பில்டர் அல்ல, சொந்த வீட்டை விற்ற தனிநபர். நீங்கள் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு பெற்ற புது ஃபிளாட்டை பில்டரிடம் வாங்கியிருந்தால் கதையே வேறு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரியவந்து சொன்னால், 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

எங்களுக்கு இருந்தது சிட்டி சிவில் கோர்ட். கிரயத்தையே ரத்து செய்யக் கேட்கலாம், இல்லை வீட்டை வைத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்கலாம். 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம் கட்டியாகிவிட்டது, லோன் ஓடுகிறது, பிள்ளையின் பள்ளி இங்கே. நஷ்டஈடு என்று முடிவு செய்தோம். மோசடி நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம். கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ். ரிப்பேருக்கும், அதுவரை வெளியே குடியிருக்கும் வாடகைக்கும் சேர்த்து 9 லட்சம் கேட்டோம், 27,000 கட்டினோம். கையில் காசு இல்லாத பெண்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வக்கீல் தர வேண்டும்.

வழக்குப் போட்டதும் எங்கள் வக்கீல் முதலில் கேட்டது அட்வகேட் கமிஷனரை, அதாவது இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட் நியமிக்கும் வக்கீலை. அவர் ஒரு பொறியாளரோடு வந்து, ஸ்லாபைத் தட்டிப் பார்த்து, கம்பியை அளந்து, படத்தோடு அறிக்கை கொடுத்தார். அதுவரை அந்த அறையை நாங்கள் தொடவில்லை. கீழே முட்டுக் கொடுத்துப் பூட்டிவிட்டு ஐந்து பேரும் ஹாலில் படுத்தோம். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் முன்பே பூசி முடித்திருந்தால் கமிஷனர் வந்து எதைப் பார்ப்பார்? போட்டோ எடுத்த போனையும் விற்றுவிடாதீர்கள். அந்தப் படங்களை, வாட்ஸ்அப் மெசேஜைக் கோர்ட்டில் கொடுக்கும்போது எந்தப் போனில் எடுத்தது என்று சான்று தர வேண்டியிருக்கும்.

கமிஷனர் அறிக்கைக்குப் பிறகு எதிர்த்தரப்பின் குரல் இறங்கியது. சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். நான்காவது உட்காரலில் 5 லட்சத்து 25 ஆயிரத்துக்கு ஒத்துக்கொண்டார். கேட்டதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். இழுத்திருந்தால் கூடக் கிடைத்திருக்கலாம், ஆனால் அத்தைக்கு வயது 74, அவரை இன்னும் எத்தனை மழைக்கு ஹாலில் படுக்க வைப்பது? சமரசத்தில் முடிந்ததால் கோர்ட் ஃபீஸ் திரும்பி வந்தது.

போன வாரம் அதே புரோக்கர் எங்கள் பக்கத்துத் தெருவில் கடைசி மாடி வீடு ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார். பெயர் போட முடியாது. தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய ஃபிளாட் பார்ப்பவர்கள், சீலிங் புதிதாக இருந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். லீக்கேஜ் இல்லை என்று விற்பவரையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக.